மழைக்கு முன்னால் தோட்டத்துப் பெருச்சாளியைப் பிடிப்பது எப்படி?

காலையில் வாழைக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் அடியில் புது மண் குவிந்து கிடக்கும், கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வடசென்னையில் திருவொற்றியூர், கொடுங்கையூர், மணலி பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மேல்நாட்டு வீடியோ பார்த்துவிட்டுச் சிலர் இதை ‘மோல்’ என்று நினைத்து அதற்கான மருந்தைத் தேடுகிறார்கள். மோல் மண்புழு தின்னும் பிராணி, நம் ஊரில் கிடையாது. இங்கே தோண்டுவது பெருச்சாளி. கிழங்கு, குருத்து, சமையலறைக் குப்பை எதையும் விடாது.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வளைகளில் தண்ணீர் ஏறும். அங்கே இருப்பவை மேடு தேடி வீடுகளுக்குள் வரும்.

முதல் வேலை: மூஞ்சூறா, பெருச்சாளியா?

மூஞ்சூறு சின்னது. கூர்மூக்கு, ஒரு மாதிரி வாடை, சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும். கரப்பானையும் பூச்சிகளையும் தின்பதால் தோட்டத்துக்கு நல்லது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெருச்சாளி பூனைக்குட்டி அளவுக்கு இருக்கும். முரட்டு மயிர், தடித்த வால்.

இரண்டாவது: எந்த வளையில் ஆள் இருக்கிறது?

மாலையில் எல்லா ஓட்டைகளையும் மண்ணால் லேசாக மூடி, பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ அதுதான் புழக்கத்தில் உள்ள வளை. இரண்டு நாள் பார்த்தால் தெளிவாகிவிடும்.

மூன்றாவது: கூண்டு

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். சின்ன எலிப்பொறி உதவாது, பெரிய இரும்புக் கூண்டு வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் பெருச்சாளி நெருங்காது. அதனால் முதல் மூன்று இரவும் கூண்டைப் பூட்டாமல், கதவைத் திறந்தபடி கட்டி, உள்ளே தீனி மட்டும் வையுங்கள். காசிமேட்டுக் கருவாடு ஒரு துண்டு, இல்லையென்றால் சுட்ட தேங்காய்ச் சில்லு. வந்து தின்று பழகிய பிறகு, நான்காம் இரவு கதவைப் பொறியில் மாட்டுங்கள். கூண்டைச் சுவரோரம், அது நடக்கும் தடத்திலேயே வைக்க வேண்டும். குப்பைக்கூடை மூடியில்லாமல் இருந்தால் கருவாட்டுக்கு மதிப்பே இருக்காது, அதை முதலில் மூடுங்கள். பிடிபட்டதைக் கையால் தொடாதீர்கள், கடி பலமாக இருக்கும். அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுவதும் நியாயமில்லை. எலி பிடிக்கும் ஆட்களிடம் கூண்டோடு ஒப்படையுங்கள்.

விஷம் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு மாற்றுமருந்து கிடையாது, கல்லீரலையே அழித்துவிடும். குழந்தை, நாய், கோழி நடமாடும் முற்றத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது. செத்ததைத் தின்னும் பூனைக்கும் காகத்துக்கும்கூட ஆபத்துதான்.

நான்காவது: அடைப்பு

இரண்டு இரவு தொடர்ந்து மூடிய மண் கலையாமல் இருந்தால் மட்டும் அடையுங்கள். அவசரப்பட்டால் உள்ளே இருப்பது வேறு பக்கம் தோண்டி வெளியே வரும். செங்கல் ஜல்லியை இடித்துத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். உடைந்த கண்ணாடி போடும் பழக்கம் இங்கே உண்டு, அதை விடுங்கள். பின்னால் மண் கொத்தும்போது உங்கள் கைதான் கிழியும். பெருச்சாளி சிறுநீர் கலந்த ஈரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது காயத்தின் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறும். ரப்பர் கையுறை, காலுக்குப் பூட்ஸ், முடித்ததும் சோப்புக் குளியல். மழைநீரில் வேலை செய்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தோட்ட வேலையைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

கிழங்குப் பாத்தியைச் சுற்றி அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். தெருவில் குப்பை தேங்கினால் சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொல்லுங்கள்.

மழை விட்டு, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, ஒரு மாலை குச்சியும் மண்ணுமாகப் போய் மறுபடி மூடிப் பாருங்கள்.