எண்ணெய் கம்பெனி 'நெட் ஜீரோ'ன்னு சொன்னா எப்படி செக் பண்றது?

நெட் ஜீரோன்னா, விடுற கார்பன் புகையையும் காத்துலேர்ந்து திரும்ப எடுக்குறதையும் கழிச்சா மிச்சம் பூஜ்யம்னு அர்த்தம். முதல்ல விளம்பரத்த ஓரம் வெச்சுட்டு அவங்க ஆண்டறிக்கைய தெறங்க, அதுல ஸ்கோப் 3ஐ கணக்குல சேத்திருக்காங்களான்னு பாருங்க. ஸ்கோப் 1, 2ன்னா கம்பெனி தன் வேலைக்கு விடுற புகையும் வாங்குற கரண்டும்தான், ஆனா அவங்க வித்த பெட்ரோல நம்ம வண்டில எரிக்கிறப்ப வர்ற புகைதான் பெரும்பங்கு, அது ஸ்கோப் 3ல வருது, அத விட்டுட்டு ஜீரோன்னு சொன்னா என்ன அர்த்தம் சொல்லுங்க.

மொத்த புகைய சொல்லாம 'இன்டென்சிட்டி'ய, அதாவது ஒரு யூனிட் எரிசக்திக்கு வர்ற புகைய, கொறைப்போம்னு இருந்தா உஷார். யூனிட்டுக்கு புகை கொறஞ்சாலும் உற்பத்தி கூடுனா மொத்தம் ஏறலாம்.

அப்புறம் பழைய வாக்குறுதிய தோண்டி எடுங்க, என்னக் கேட்டா இதான் முக்கியம். பிரிட்டன் எண்ணெய் கம்பெனி பிபி (BP) 2020ல என்ன சொன்னாங்க, 2030க்குள்ள எண்ணெய், கேஸ் உற்பத்திய 40% கொறைப்போம்னு. 2023ல அது 25% ஆச்சு, 2025ல இலக்கையே தூக்கிப் போட்டுட்டு எண்ணெய், கேஸ்ல வருஷத்துக்கு 1000 கோடி டாலர் போடப்போறோம்னுட்டாங்க (பங்குதாரர் நெருக்கடி வேற).

பணம் எங்க போகுதுன்னும் பாருங்க, நெசமா மாறுறவங்க பணத்தயும் மாத்திடுவாங்க. டென்மார்க்ல டாங் எனர்ஜிங்கிற எரிசக்தி கம்பெனி 2017ல எண்ணெய், கேஸ் தோண்டி எடுக்குற பிசினஸையே வித்துட்டு ஆர்ஸ்டெட்னு பேர மாத்திக்கிட்டு கடல் காத்தாலைல பெருசா எறங்குனாங்க.