ரோல்பிளே கதைக்கு வில்லன் தேடுறீங்களோ? சுரங்கத்துக்குள்ள பாருங்கோ

மேசையில இருந்து டைஸ் உருட்டி, ஒவ்வொராளும் ஒரு பாத்திரமா நடிக்கிற ரோல்பிளே விளையாட்டில மந்திரவாதி, புதையல் எண்டு விளையாடி எங்கட பெடியளுக்கு அலுத்துப்போச்சு, அதால இந்தமுறை நிலக்கரிச் சுரங்கச் சண்டையை எடுத்தனான், நல்லா வேலை செஞ்சுது.

1920 மே மாசம், அமெரிக்காவின்ர மேற்கு வர்ஜீனியாவில மேட்வான் எண்ட சின்ன ஊர். தொழிலாளர் யூனியனில சேர்ந்த ஆக்களைச் சுரங்கக் கம்பனி வீட்டில இருந்து வெளியேத்த வந்த தனியார் துப்பறியிற ஆக்களுக்கும் ஊர்ப் பொலிஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டின்ர பக்கத்துக்கும் துவக்குச் சண்டை, 10 பேர் செத்தவை. அடுத்த வருசம் ஹாட்ஃபீல்டைக் கோர்ட் படியில வைச்சுச் சுட்டாங்கள், பிறகு கிட்டத்தட்ட 10,000 தொழிலாளியள் கழுத்தில சிவப்புத் துணி கட்டிக்கொண்டு பிளேர் மலைக்கு வெளிக்கிட, மேல பிளேனில இருந்து குண்டு போட்டாங்கள் (அந்தச் சத்தம் எப்பிடி எண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை).

கதையைச் சண்டையில தொடங்காதேங்கோ. விளையாடுறவைக்கு, யூனியன்காரர் ஒராளைக் கம்பனிக் காவலைத் தாண்டி ரெயினில கொண்டுவாற வேலையைக் குடுங்கோ. சம்பளத்தைக் காசாக் குடுக்காமல் கம்பனிக் கடையில மட்டும் செல்லுற டோக்கனாக் குடுங்கோ, எங்கட மேசையில டைஸை விட அதுக்குத்தான் கனக்கக் கோவம் வந்தது.