சிவப்புக் கயிறு விளக்குக்கு இல்லை

பிரிட்டனில் இறங்கிய மூன்றாம் நாள் நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷாப்பிங் மால். வயிறு பிசைகிறது, ஆண்கள் பக்கம் வரிசை நிற்கிறது, பக்கத்திலேயே வீல்சேர் படம் போட்ட கதவு பூட்டாமல் இருக்கிறது. உள்ளே நுழைந்துவிட்டேன். இருட்டு. கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. நான் தங்கியிருந்த வீட்டுக் குளியலறையில் கயிற்றை இழுத்தால்தான் விளக்கு எரியும், அந்த நினைப்பில் இதையும் இழுத்தேன். விளக்கு எரியவில்லை, அலாரம் அலறியது. சற்று நேரத்தில் செக்யூரிட்டி கதவைத் தட்டி நலமா என்று கேட்க, நான் உட்கார்ந்தபடியே "யெஸ் யெஸ், சாரி சாரி" என்று கத்தினேன். வெளியே வந்தால் வீல்சேரில் ஒரு பெண்மணி காத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் திருடன்போல் நழுவினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்த எனக்கு முழு நியாயம் இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண். வந்தால் வந்ததுதான், ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஆனால் சென்னையில் யாரும் என்னை மாற்றுத்திறனாளி என்று நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. நம் ஊர் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைகளில் குடல் நோய் கிடையாது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் நோயின் பெயரை வைத்து மட்டும் பார்ப்பதில்லை. உடலிலோ மனத்திலோ உள்ள குறை அன்றாட வாழ்க்கையைக் கணிசமாக, 12 மாதமோ அதற்கு மேலோ பாதித்தால் அது போதும். ஆக அன்று நான் செய்த தப்பு கயிற்றை இழுத்தது மட்டும்தான்.

இப்போது சென்னைக்கே திரும்பிவிட்டேன். நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்திலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது அந்தப் பக்கம் விமானம் ஏறுகிறார்கள். பருப்புப் பொடிக்கும் பிரஷர் குக்கருக்கும் ஆலோசனை சொல்ல ஆள் நிறைய இருப்பதால், இந்த வீல்சேர் படக் கழிப்பறை விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கயிறு. கீழே விழுந்து கிடப்பவர் கைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகவே அது தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை தொங்க வேண்டும். விளக்குக் கயிறு இருந்தால் அது வேறு, பெரும்பாலும் வெள்ளை. பல இடங்களில் விளக்கு தானாகவே எரியும், ஒரு வினாடி பொறுங்கள். தவறி இழுத்துவிட்டால் ஓடாதீர்கள், உட்கார்ந்த கைக்கு எட்டுமாறு சுவரில் ரீசெட் பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிட்டு, வருபவரிடம் தவறுதலாக இழுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். சிலர் கால் இடறுகிறது என்று அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள். கட்டியிருப்பதைப் பார்த்தால் அவிழ்த்து விட்டுவிட்டு வாருங்கள், கீழே விழுந்த ஒருவருக்கு அது மட்டும்தான் வழி.

சரி, யார் போகலாம்? தேவை இருப்பவர் போகலாம், அது வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை. என்னைப்போல் குடல் நோய்க்காரர்கள், கழிவு சேரும் பையை வயிற்றில் பொருத்தியவர்கள், சிறுநீரை அடக்க முடியாதவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், கூட்டத்தில் பதறிப்போகும் ஆட்டிசம் பிள்ளையும் அதன் பெற்றோரும். குழந்தைக்கு டயபர் மாற்றும் பலகையைப் பல இடங்களில் அந்த அறைக்குள்தான் வைத்திருப்பார்கள், அங்கே கைக்குழந்தையோடு போவதும் சரிதான். மாற்றி முடித்ததும் பலகையை மடக்கிச் சுவரோடு சேர்த்துவிடுங்கள், நீட்டியபடி விட்டால் அடுத்து வரும் வீல்சேர் உள்ளே திரும்ப முடியாது.

தேவை இல்லாதவர் போகக்கூடாது. அபராதமெல்லாம் கிடையாது, யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் "காலியாத்தானே இருக்கு" என்ற நம் ஊர் நியாயம் அங்கே செல்லாது. சாதாரணக் கழிப்பறையில் ஆறு கதவு இருந்தால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று உங்களுக்குத் திறக்கும், வீல்சேரில் வருபவருக்கு அந்தத் தளத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரே கதவு. புடவை மாற்ற, பல் தேய்க்க, ஊருக்கு நிதானமாக வீடியோ கால் பேச எல்லாம் நம்மவர்கள் அந்த அறைக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டிகளோடு நாலு பேர் கொண்ட குடும்பமே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதையும் ஒரு ரயில் நிலையத்தில் பார்த்தேன்.

நம்மவர்கள் அந்த அறையை விரும்புவதற்கு உண்மையான காரணம் வேறு, அதை வெளிப்படையாகவே பேசிவிடலாம்: தண்ணீர். அந்த ஊரில் ஹெல்த் ஃபாசெட் கிடையாது, எல்லாம் காகிதம். ஆனால் இந்த அறையில் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்டும் சின்ன வாஷ்பேசின் இருக்கும். வீல்சேருக்கு மாறும் முன்பே கையைக் கழுவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அழுக்குக் கையால் சக்கரத்தைத் தொட வேண்டிவரும் என்பதற்காக வைத்தது அது. நமக்கோ வரப்பிரசாதம்போல் தெரிகிறது. ஆசை புரிகிறது, ஆனாலும் கூடாது. கைப்பையில் சின்னத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு சாதாரணக் கழிப்பறைக்கே போங்கள், நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறோம்.

தேவை இருந்து இந்த அறைக்குள் போகும் தமிழர்கள், நானும் சேர்த்துத்தான், கவனிக்க வேண்டியது தரை. நமக்கு ஈரத் தரை என்றால் சுத்தம் செய்த தரை. அவர்களுக்கு ஈரத் தரை என்றால் ஆபத்து. ஊன்றுகோலின் ரப்பர் நுனி ஈரத்தில் வழுக்கும். சக்கரம் அந்த ஈரத்தில் உருண்டால், அதே சக்கரத்தைத் தள்ளும் கையில் உங்கள் தண்ணீர் ஒட்டும், அது என்ன தண்ணீர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே சிந்தியதைக் காகிதத்தால் துடைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் அந்தக் குப்பைத்தொட்டி. காலில் இடிக்கிறது என்று அதைக் கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் உள்ள காலி இடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். வீல்சேரை அங்கே நிறுத்தித்தான் உடம்பைத் தூக்கி மாற்றி உட்காருவார்கள், அந்த வெற்றிடமும் அறையின் சாமான்களில் ஒன்று.

அம்மா அப்பா ஆறு மாத விசிட்டுக்கு வருவார்கள். அப்போது பிரச்சினை தலைகீழாக மாறும். என் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம், தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அந்தப் படத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னடா, எனக்கென்ன கைகால் விளங்காமலா போச்சு?"

"அம்மா, சீட்டு உயரமா இருக்கும்மா, பிடிச்சுக்கக் கம்பி இருக்கு."

"யாராவது பார்த்தா?"

பார்த்தால் பார்க்கட்டும் என்று சொன்னால் எடுபடாது. நான் வேறு வழி பிடித்தேன், நானே உள்ளே போய்க் கம்பியை ஆட்டிக் காட்டினேன். இருக்கை உயரம் 48 சென்டிமீட்டர், சாதாரணமானது கிட்டத்தட்ட 40. அந்த எட்டு சென்டிமீட்டரில் அம்மா யார் கையும் பிடிக்காமல் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் படத்தை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

சில கதவுகள் பூட்டியிருக்கும், ராடார் சாவி இருந்தால்தான் திறக்கும். 1981-ல் தொடங்கிய ஏற்பாடு இது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கழிப்பறைகளுக்கு ஒரே சாவி, தலை பெரிதாக, பிடிக்கத் தோதாக இருக்கும். விலை சில பவுண்டுகள்தான். டிஸபிலிட்டி ரைட்ஸ் யுகே என்ற அமைப்பு விற்கிறது, சில நகராட்சிகளிலும் கிடைக்கும். ஆன்லைனில் வரும் மலிவு நகல் பூட்டில் சிக்கித் தொலைக்கும், அசலையே வாங்குங்கள். பச்சை நாடாவில் மஞ்சள் சூரியகாந்தி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர்களைப் பார்ப்பீர்கள், 2016-ல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய பழக்கம். வெளியே தெரியாத குறை உண்டு, கொஞ்சம் பொறுமை காட்டுங்கள் என்று அர்த்தம். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஜெர்மனி போகிறவர்களுக்கு அங்கே யூரோ சாவி, ஆஸ்திரேலியாவில் எம்எல்ஏகே சாவி, ஏற்பாடு கிட்டத்தட்ட இதேதான்.

யாராவது கேட்டால் என்ன செய்வது? கேட்பார்கள், என்னிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள், இரண்டு முறை வயதானவர்கள். "ஐ ஹேவ் எ ஹிட்டன் டிஸபிலிட்டி" என்று ஒரே வரி, தலையைக் குனியாமல். நோயின் பெயர், மாத்திரை, ஆபரேஷன் கதை எதுவும் சொல்லத் தேவையில்லை. நமக்குப் பெரியவர்கள் கேட்டால் விளக்கம் சொல்லியே பழக்கம், அந்தப் பழக்கத்தை இந்த விஷயத்தில் விட்டுவிடலாம். எல்லாக் குறையும் கண்ணுக்குத் தெரியாது என்று எழுதிய பலகை இப்போது பல சூப்பர் மார்க்கெட்டுகளில் கதவிலேயே இருக்கிறது, அதைக் கை காட்டினாலும் போதும். கடையில் அவசரம் என்றால் நீட்டக் "கேன்ட் வெயிட்" கார்டு உண்டு, குரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் யுகே என்ற குடல் நோயாளிகள் அமைப்பு தருகிறது. அதைக் காட்டினால் கட்டாயம் விட வேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் பெரும்பாலும் விடுகிறார்கள்.

இதே அளவுகோல் மறுபக்கமும் உண்டு. நன்றாக நடந்து வரும் ஒருவர் அந்தக் கதவிலிருந்து வெளியே வந்தால் மேலும் கீழும் பார்க்காதீர்கள். உள்ளே ஆள் இருந்தால் கதவை இடிக்காதீர்கள், வயிற்றுப் பையை மாற்றிக்கொண்டிருக்கிறவருக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். கைப்பிடியருகே சிவப்பு தெரிந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

சென்னைப் பழக்கம் இதற்குத் துளியும் உதவாது, அதனால்தான் இத்தனை நீளம் எழுத வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வீல்சேர் படம் போட்ட கதவைத் தேடிப் பிடித்தேன், சந்தோஷமாகத் திறந்தால் உள்ளே துடைப்பம், இரண்டு பக்கெட், மடக்கிய நாற்காலிகள். வாட்ச்மேன் அண்ணன் "சார், அது யூஸ் பண்றதில்ல" என்றார், நல்ல மனிதர், தன் அறையைத் திறந்துவிட்டார்.

இங்கிருந்து கிளம்பும் முன் ஒரு வேலை. உங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், எப்போதிலிருந்து, என்ன மருந்து, எவ்வளவு. அங்கே போனதும் வீட்டுக்குப் பக்கத்து ஜிபி, அதாவது குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ளுங்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், மாணவர்களுக்கே வருடத்துக்கு 776 பவுண்டு, அதனால் தயங்க ஒன்றுமில்லை. கடிதத்தில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கட்டும். என் மாத்திரை அட்டையில் இங்கே மெசலமின் என்று இருந்தது, அங்கே மருந்துக் கடையில் மெசலசின் என்று கொடுத்தார்கள், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் இரண்டு நாள் விழுங்காமல் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மருந்துதான்.