சயாம் போய் வந்த தாத்தாவின் கதையை எழுதுவது எப்படி

மலாயா (இன்றைய மலேசியா) ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த ஜில்லாக்களில் நம் வடாற்காடு முக்கியமானது. அதனால் இந்தப் பக்கம் பல வீடுகளில் கப்பலேறிப் போன ஒரு தாத்தாவோ பெரிய பாட்டியோ இருப்பார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய், உயிரோடு திரும்பியவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர். எங்கள் சின்னத் தாத்தா அதில் ஒருவர். குடியாத்தத்துக்காரர். யுத்தம் முடிந்ததும் தோட்ட ஆஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்து, டிரஸ்ஸராக (மருந்து கொடுத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்) ரிட்டயராகி, கடைசிக் காலத்தில் ஊருக்கே வந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் என்கிற முறையில் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் “சயாம்ல என்ன தாத்தா நடந்துச்சு?” என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே பத்து பேர் கேட்டிருப்பார்கள். பத்து பேருக்கும் சொன்ன அதே நாலு வரிதான் உங்களுக்கும் கிடைக்கும். வேலையைக் கேளுங்கள். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக் கத்தியை எப்படிப் பிடிப்பது, கங்காணி (ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி) எங்கே நிற்பார், லயத்தில் (கூலியாட்களின் வரிசை வீடுகளில்) பக்கத்து வீடு யாருடையது? கை வேலையைச் சொல்ல ஆரம்பித்தால் வாய் தானாக வரும். காலைக் களி சாப்பிட்டு முடித்த நேரம் நல்லது. அரை மணி போதும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதிவு செய்யுங்கள். “அப்படி இல்லப்பா, நீ போன தடவை வேற மாதிரி சொன்ன” என்று திருத்தும் சித்தப்பாக்களை அந்த நேரத்துக்குக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

தேதிதான் பெரிய தலைவலி. பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வருஷம் நினைவிருக்காது, தமிழ் வருஷம் இருக்கும். “தாது வருஷம், சிரசு முடிஞ்ச நாலாம் நாள் ரயில் ஏறினோம்மா” என்றார் தாத்தா. தாது 1936 சித்திரையில் பிறக்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. ஆக, 1936 மே மூன்றாம் வாரம். இறங்கின இடம் ஆவடி என்றதும் சரியாகப் பொருந்திவிட்டது; மலாயாவுக்குப் போகிற கூலி ஆட்களை வைக்கும் டெப்போ அங்கேதான் இருந்தது, இன்னொன்று நாகப்பட்டினத்தில். 1938-ல் இந்திய சர்க்கார் இப்படிக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர் அதற்குப் பிறகு போனார் என்றால் கங்காணி மூலமாகத்தானா, சொந்தக் காசிலா என்று கட்டாயம் கேளுங்கள். ஜப்பான் காலத்துத் தமிழ் வருஷங்கள் பிறந்தது இப்படி: சித்திரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945. தை, மாசி, பங்குனி என்றால் அடுத்த இங்கிலீஷ் வருஷம் என்பதை மறக்க வேண்டாம்.

ஜப்பான் காலத்துக் காகிதம் ஏதாவது கிடைத்து அதில் 2603 என்று இருந்தால் பயந்துவிடாதீர்கள். அது ஜப்பான்காரர்களின் வருஷக் கணக்கு; 660 கழித்தால் 1943. அப்போது கடிகாரமும் டோக்கியோ நேரத்துக்கு ஓடியது. “பொழுது விடியறதுக்குள்ள ஏழு மணி ஆயிடும்” என்று அவர் சொன்னால் மறதி என்று அடித்துவிடாமல் அப்படியே எழுதுங்கள்.

சயாம் பகுதி தானாக வரும்போது வரட்டும். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். அவர் மட்டும் சொல்லக்கூடியதைப் பிடியுங்கள். தாத்தா சுபானு ஆடி மழையைச் சொல்வார், காலராவில் போனவர்களைத் தூக்கியதைச் சொல்வார், அதோடு நிறுத்திவிடுவார். ஒரு நாள் வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். மூங்கில் கிழித்து, சீழ் வைத்து, எலும்பு தெரிகிற வரைக்கும் போன புண். உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுவென்று தழும்பு. கூட இருந்த ஒருவர் உப்பு போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரால் தினமும் கழுவிவிட்டாராம். சொல்லிக்கொண்டே இரண்டு விரலுக்கு நடுவில் துணியைச் சுற்றி, வெளியிலிருந்து உள்ளே துடைக்கக் கூடாது, உள்ளிருந்து வெளியே துடைக்கணும் என்று என் கையிலேயே செய்து காட்டினார். பின்னால் எத்தனையோ பால்வெட்டுக்காரர்களின் காலுக்கு அவர் அப்படித்தான் கட்டுப் போட்டிருக்கிறார்.

இதனால்தான் சொல்கிறேன், சயாமோடு கதையை முடிக்காதீர்கள். குடும்பத்துக்கு அந்த ஒரு வருஷம்தான் வேண்டும். அவருக்கோ டிரஸ்ஸர் வேலை பார்த்த காலம்தான் வாழ்க்கை. 1948-ல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் அவசரகாலம் வந்து ஐ.சி. (அடையாள அட்டை) கொடுத்தது, லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டது, 1957 சுதந்திரம், 1969-ல் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்களை வேலை பர்மிட் கேட்டு மிரட்டியது, எல்லாவற்றையும் அவர் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். சேமநிதி (பி.எஃப்.) காகிதங்கள் இருந்தால் விடாதீர்கள். 1951-க்குப் பிறகு எந்தத் தோட்டத்தில் எப்போது வேலை பார்த்தார் என்று அதை வைத்துக் கோத்துவிடலாம். போட்டோக்களின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

பிறந்த ஊர் ‘வடாற்காடு ஜில்லா’ என்றிருந்தால் வேலூரோடு தேடலை நிறுத்தாதீர்கள். போளூர், ஆரணி, செங்கம் எல்லாம் 1989 வரை நம்மோடு இருந்து திருவண்ணாமலைக்குப் போனவை. 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வேறு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பான் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பேட்டிகள் இணையத்திலேயே இருக்கின்றன. எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று கவனிக்கவாவது இரண்டு கேளுங்கள்.

எழுதி முடித்ததும் அவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். முகாமில் அரிசி திருடிய ஒருவரைப் பற்றி நான் எழுதியிருந்தேன். “அவன் பேரப்பசங்க கிள்ளான்ல இருக்காங்க பாப்பா, அது வேணாம்” என்றார். எடுத்துவிட்டேன். உங்களிடமும் அப்படி ஏதாவது சொல்வார். ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவிலும் அந்த இடத்தை வெட்டிய பிறகே மலேசியாவில் இருக்கிற உறவுகளுக்கு அனுப்புங்கள்.