முதலாம் படிவத்தில் படிப்பு கசந்தால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், தமிழ்ப்பள்ளியில் துறுதுறுவென்று இருந்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்குப் போனதும் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறதா? சோம்பேறி என்று திட்டாதீர்கள், பாவம். மலாயில் நடக்கும் பாடம் புரியாமல்தான் பல பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள்.

இரவில் ஒரே ஒரு பக்கம் போதும். மலாயில் வாசிக்கவிட்டு, அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கை பாடமா? வாசலுக்குக் கூட்டிப்போய்ச் செம்பனை ஓலையைக் காட்டி, வெயிலில் அது தனக்கு எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது என்று கேளுங்கள். திணறினாலும் குறுக்கே பேசாதீர்கள். தடுக்கிய சொல்லை நோட்டில் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரட்டும்.

2021-இல் ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022-இல் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் ரத்தான பிறகு, பிள்ளை பின்தங்குவது வீட்டுக்குச் சட்டென்று தெரிவதில்லை. பயிற்சி நோட்டை வாராவாரம் புரட்டிப் பாருங்கள்.