திருக்கை இருக்கும் கரையோரத்தில் செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பையன் கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகிலிருந்து குதித்து இறங்கினான். அவன் கால் பட்ட இடத்துக்கு இரண்டடி தள்ளி மணல் கலங்கியது. தாம்பாளம் அகலத்தில் ஒரு திருக்கை நழுவிப் போனது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவனுடைய நண்பனின் தூண்டிலில் இன்னொரு திருக்கை மாட்டியது. அதை மணலில் இழுத்துப் போட்டுக் காலால் மிதிக்கப் போனான். நான் கத்திய கத்தலில்தான் நின்றான்.

இந்த இரண்டு தவறுகளையும் ஒரு காலத்தில் நானும் செய்திருக்கிறேன். தனியாகப் போகாதீர்கள், வெறுங்காலோடு இறங்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குதித்து இறங்குவது

திருக்கை மணலை அள்ளித் தன் மேல் போர்த்துக்கொண்டு படுத்திருக்கும். கண்களும், அவற்றுக்குப் பின்னால் மூச்சுக்காகத் தண்ணீர் இழுக்கும் துளைகளும் மட்டும்தான் வெளியே தெரியும். கலங்கிய நீரில் அதுவும் தெரியாது. அது நம்மைத் தேடி வந்து குத்துகிற மீன் இல்லை. பக்கவாட்டில் கால் உரசினால் ஓடிவிடும். மேலிருந்து மிதித்து அழுத்தினால், தப்ப வழியில்லாமல் நஞ்சு முள் உள்ள வாலை வீசும்.

அதனால் இறங்கும் முன் துடுப்பால் தரையை நன்றாகத் தட்டிக் கிளறுங்கள். இறங்கிய பிறகு பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். அந்த அதிர்வே போதும், அது விலகிக்கொள்ளும். புறப்படும்போது இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள், களைத்துப் போய்க் கரைக்குத் திரும்பும்போது மறந்துவிடுகிறார்கள். மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டே பின்னால் நகரும்போதும் அப்படித்தான். கண் முழுக்கத் தூண்டில் நரம்பின் மேல் இருக்கும், கால் தன்னிஷ்டத்துக்கு மிதிக்கும்.

நீர் வற்றியபோது மணலில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் தெரிந்தால் கவனியுங்கள். அவை பெரும்பாலும் திருக்கை இரை தேடித் தோண்டியவை. ஓதம் ஏறும்போது அதே இடத்துக்கு அது மறுபடி மேய வரலாம்.

பூட்ஸ் காப்பாற்றும் என்று நம்புவது

காப்பாற்றாது. நியோப்ரீன் என்னும் தடித்த ரப்பரையும் வால்முள் துளைக்கும்.

தூண்டில் முள்ளை மீட்கப் பார்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

திருக்கை மாட்டினால் முதலில் பாறையில் சிக்கியது போலத்தான் இருக்கும். உடம்பைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டு அசையாது. எனக்கு ஒன்று மாட்டிய அன்றைக்கு நானும் பாறை என்றே நினைத்தேன். பிறகு அது மெதுவாக நகர்ந்தது. ரொம்ப நேரம் இழுத்துக் கணுக்கால் ஆழத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த அளவில் என்னிடம் மிச்சமிருந்த ஒரே தூண்டில் முள் அதன் வாயில் இருந்தது. அதை விட மனம் வரவில்லை.

வால்முள் வாலின் நுனியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நுனியை ஒரு குச்சியால் தள்ளிப் பிடித்தேன், உடம்பை ஒரு காலால் மிதித்தேன், குறடோடு குனிந்தேன். வால்முள் நுனியில் இல்லை. பெரும்பாலான திருக்கைகளுக்கு அது வாலின் மேல்புறத்தில், அடியிலிருந்து நடுப்பகுதிக்குள் இருக்கும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று கூட இருக்கும். தேள் கொடுக்கைத் தூக்குவது போல அது வாலை முதுகுக்கு மேலாக முன்னால் வீசியது. முள் என் மணிக்கட்டுக்குக் கீழே இறங்கியது.

அந்த முள்ளின் இரு ஓரங்களிலும் பின்னோக்கிய ரம்பப் பற்கள் உண்டு. உள்ளே போகும்போது கிழிப்பதைவிட வெளியே வரும்போது அதிகம் கிழிக்கும். முள்ளைச் சுற்றி உறைபோல ஒரு தோல். நஞ்சு அதில்தான் இருக்கிறது. குத்தும்போது உறை கிழிந்து காயத்துக்குள்ளேயே தங்கிவிடும். எனக்குத் தங்கியது. காயம் ஆறாமல் மறுபடி திறந்து சுத்தம் செய்யவேண்டி வந்தது. சுண்டுவிரலில் இன்னும் முழு உணர்வு இல்லை. எல்லாம் ஒரு தூண்டில் முள்ளுக்காக.

கயாக்கில் இது இன்னும் மோசம். மடியில் தூக்கிப் போட்டால் வால் வீசும் உயரத்தில் உங்கள் தொடையும் வயிறும் இருக்கின்றன. 2006இல் ஆஸ்திரேலியாவின் வனவிலங்கு டிவி நிகழ்ச்சியாளர் ஸ்டீவ் இர்வின் இறந்தது மார்பில் ஏறிய திருக்கை முள்ளால்தான்.

சரி, என்ன செய்வது? அதைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். வாய் அடிப்பக்கம் இருப்பதால் புரட்டாமல் தூண்டில் முள்ளைப் பார்க்க முடியாது, புரட்டவும் வேண்டாம். எட்ட நின்று, வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே நரம்பை அறுத்துவிடுங்கள். சாதாரண இரும்பு முள் பெரும்பாலும் துருப்பிடித்துத் தானாக விழுந்துவிடும். ‘பாதுகாப்புக்காக’ வாலை வெட்டிவிட்டுத் திரும்பக் கடலில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். திருக்கை குட்டி போடும் மீன். பிடிபட்ட அதிர்ச்சியிலேயே சினைத் திருக்கை குட்டிகளைக் குறைமாதத்தில் ஈன்றுவிடலாம். அதை எவ்வளவு சீக்கிரம் விடுகிறோமோ அவ்வளவு நல்லது.

செத்துவிட்டது என்று கையில் எடுப்பது

செத்த திருக்கையின் முள்ளிலும் நஞ்சு இருக்கும்.

குத்திய இடத்தில் ஐஸ் வைப்பது

வலி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறும். அதைக் குறைப்பது சூடு. பொறுக்கக்கூடிய வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் காயத்தை ஊறவைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் கைக்குக் கொதிநீரும் தெரியாது, வெந்துபோகும். நான் இப்போது ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இல்லாமல் கயாக்கை இறக்குவதில்லை. கடல்நீரைக் கலந்து பதமாக்கிக்கொள்ளலாம்.

ரத்தம் நிறையப் போனால் முதலில் அழுத்திப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கை, காலில் சின்னக் குத்துதான் என்றாலும் போய்க் காட்டிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட வேண்டியிருக்கும். முள் துணுக்கு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.