குஸ்தி வீரர் எம்.எம்.ஏ.வுக்கு மாறுவது எப்படி

பத்து வருஷம் மல்யுத்தத்தில் ஊறியவருக்கு, குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையான எம்.எம்.ஏ.வில் ஒரு பெரிய சலுகை உண்டு. சண்டை நின்றபடி நடப்பதா, தரையில் நடப்பதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவர்தான். குத்துச்சண்டைக்காரருக்கு டேக்டவுனைத் (தரையில் வீழ்த்துவதை) தடுக்கச் சொல்லிக்கொடுக்க வருஷக்கணக்கில் ஆகும். மல்யுத்த வீரர் ஓரளவு நல்ல ஜாப் (முன்னே இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) போடச் சில மாதங்கள் போதும்.

ஆனால் அவர் தோற்கும்போது குத்துத் தெரியாமல் தோற்பது குறைவு. விரிப்பில் சரியாக இருந்த பழக்கம் ஒன்று கூண்டுக்குள் தப்பாகிப்போவதால்தான் அதிகம் தோற்கிறார். ஆகவே முதல் வருஷத்தில் பாதி வேலை புதிதாகக் கற்பது, மீதிப் பாதி கையும் காலும் தானாகச் செய்வதைத் திருத்துவது. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மாறும் முன்

வயது அவ்வளவு பெரிய தடை இல்லை. ராண்டி கூட்டூர் 1997-ல் முதல் எம்.எம்.ஏ. போட்டியில் இறங்கும்போது அவருக்கு 33 வயது. டேனியல் கோர்மியே 30 வயதில், 2009-ல் தொடங்கி, பெரிய எம்.எம்.ஏ. நிறுவனமான யு.எஃப்.சி.யில் இரண்டு எடைப் பிரிவுகளில் சாம்பியன் ஆனார். உடம்பில் ஏற்கெனவே என்ன தேய்ந்திருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. முழங்கால் ஜவ்வு, தோள்மூட்டு, கழுத்து மூன்றையும் எலும்பு மருத்துவரிடம் ஸ்கேனுடன் காட்டுங்கள். ஒருமுறை நழுவிய தோள் ஆர்ம்பார் (கையை நீட்டி முழங்கையை முறிப்பது), கிமுரா (கையை மடக்கித் தோளை முறுக்குவது) போன்ற பூட்டுகளுக்கு எளிதில் இரையாகும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா கடிதத்தை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். முதல் வருஷம் சம்பளமே வராது என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. வெளியில் தொழில்முறைப் போட்டியில் பணம் வாங்கிச் சண்டையிட அலுவலக அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கால் வைப்பு

வலக்கைக்காரரான மல்யுத்த வீரர் பலர் வலது காலை முன்னே வைத்து, குனிந்து, எடையை முன்காலில் ஏற்றி நிற்பார்கள். எம்.எம்.ஏ.வில் இதற்கு இரண்டு தண்டனை. எடை ஏறிய முன்காலைச் சட்டென்று தூக்க முடியாது, அதனால் கெண்டைக்காலில் விழும் உதைகள் முழுசாக விழும். மூன்று நான்கு நல்ல உதைக்கு மேல் அந்தக் கால் டேக்டவுனுக்குத் தள்ளிக்கொடுக்காது. இரண்டாவது, தாழ்ந்து நீண்ட தலை முழங்காலுக்கும் அப்பர்கட்டுக்கும் (கீழிருந்து மேலே வரும் குத்து) நேராக நிற்கும்.

எடையை இரு காலுக்கும் சமமாகப் பகிருங்கள். முதுகை நிமிர்த்தி முழங்காலை மட்டும் மடக்குங்கள். முன்காலை மாற்ற வேண்டுமா என்பதில் பயிற்சியாளர்களுக்குள் சண்டையே நடக்கும். பல வருஷம் வலக்காலால் பாய்ந்தவர் அப்படியே சவுத்பாவாக (வலது காலும் வலது கையும் முன்னே) நின்று, பின்கையான இடது நேர்க்குத்தை வளர்ப்பதே சுலபம். காலை மாற்றினால் பாய்ச்சலின் வேகமும் கூடவே போய்விடும்.

இன்னொன்று, காலணி கிடையாது. மல்யுத்த ஷூவின் ரப்பர் அடி கொடுத்த பிடிப்பு வெறுங்காலில் இருக்காது. முதல் நாளிலிருந்தே வெறுங்காலில் பழகினால் விரல் சுளுக்கும் குறையும், பாய்ச்சலின் கடைசி உந்தும் வழுக்காது.

பாய்ச்சல்

தூரத்திலிருந்து நேராகக் காலுக்குப் பாய்வதுதான் மிக ஆபத்தான பழக்கம். ஒலிம்பிக் மல்யுத்த வீரரான பென் அஸ்க்ரென் 2019 ஜூலையில் ஜார்ஜ் மாஸ்விடாலிடம் பறக்கும் முழங்காலில் விழ எடுத்த நேரம் 5 விநாடி.

உங்கள் ஜாப் அவர் நெற்றியைத் தொடும் தூரத்துக்கு வராமல் பாய வேண்டாம். ஜாப், பின்கை நேர்க்குத்து, அவர் கை முகத்தை மறைக்க மேலே போகும் நொடியில் உயரம் இறங்குவது என்ற வரிசையை ஒரு நாளைக்கு நூறு தடவை, கண்ணாடி முன்னும் ஜோடியுடனும் செய்யுங்கள். நாலு தடவைக்கு ஒருமுறை பாயாமல், உயரம் இறங்கிவிட்டு மேலே ஓவர்ஹேண்ட் (தோளுக்கு மேலாக வளைந்து இறங்கும் குத்து) வீசுங்கள். எதிராளியின் கை இடுப்புக்கு இறங்கும், குத்து தாடைக்குப் போகும். மல்யுத்த வீரர்களின் பல நாக்அவுட்கள் இப்படித்தான் வருகின்றன.

தலையின் இடம் அடுத்தது. டபுள் லெக்கில் (இரு காலையும் பிடித்து வீழ்த்தும் பாய்ச்சலில்) தலையை வெளிப்பக்கம் வைப்பது விரிப்பில் சரி. இங்கே அது கில்லட்டினுக்கு (முன்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பூட்டு) கழுத்தை நீட்டுவது. யு.எஃப்.சி.யில் இறங்கிய முதல் இந்தியரான பரத் கந்தாரே மல்யுத்தப் பின்னணி உள்ளவர். 2017-ல் ஷாங்காயில் நடந்த தன் அறிமுகப் போட்டியில் முதல் ரவுண்டிலேயே கில்லட்டினில் தோற்றார். நெற்றி எதிராளியின் நெஞ்சுக்கூட்டை அழுத்த வேண்டும், பார்வை மேலே, காது அவர் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கழுத்து மாட்டிவிட்டால் முதல் வேலை அந்த மணிக்கட்டைப் பிடிப்பது. பிறகு தலை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக உடம்பை நகர்த்தி, தோளால் அவர் தொண்டையை அழுத்துங்கள். மாட்டிய பக்கமே போனால் பூட்டு இன்னும் இறுகும்.

முதுகைக் கொடுப்பது

விரிப்பில் முதுகு தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் விழும்போதே குப்புறத் திரும்புவது மல்யுத்த வீரருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். குப்புறப் படுத்துத் தாக்குப்பிடித்தால் நடுவர் எழுப்பிவிடுவார் என்ற நம்பிக்கையும் இருக்கும். எம்.எம்.ஏ.வில் குப்புறத் திரும்புவது முதுகைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது. பின்னாலிருந்து இரு காலும் கொக்கிபோல் உள்ளே வரும், அடுத்தது கழுத்து நெரிப்பு.

திருத்தப் பழகும் முறை இது: முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, ஜோடியைத் தன் முதுகில் ஏறவிட்டு அங்கிருந்தே ரவுண்டைத் தொடங்குங்கள். மூன்று நிமிட ரவுண்டு, ஐந்து ரவுண்டு. இரு கையாலும் நெரிக்கும் கையின் மணிக்கட்டைப் பிடிப்பது, தோளை இறக்கி முதுகைத் தரையில் தேய்ப்பது, திரும்பி அவர் கார்டுக்குள் (மல்லாந்தவரின் இரு கால்களுக்கு நடுவே) வருவது. முதுகைத் தரையில் வைக்க உடம்பு முரண்டுபிடிக்கும். அந்த முரண்டு போகும்வரை வேறு புது நுட்பம் எதையும் சேர்க்காதீர்கள்.

மேலே இருக்கும்போது

1994 டிசம்பரில் யு.எஃப்.சி. 4 இறுதியில் டான் செவர்ன், தன்னைவிட 30 கிலோவுக்கு மேல் எடை குறைந்த ராய்ஸ் கிரேசியை நீண்ட நேரம் கீழே அழுத்தி வைத்திருந்தார். சுமார் 16 நிமிடம் ஆனபோது கீழே கிடந்தவரின் கால்கள் மேலே வந்து டிரையாங்கிளில் (கழுத்தையும் ஒரு கையையும் கால்களால் முக்கோணமாக நெரிக்கும் பூட்டு) முடிந்தது. மேலே இருப்பதே வெற்றி என்று நினைக்கும் மல்யுத்த வீரருக்கு இன்றும் இதே கதைதான் நடக்கிறது.

எதிராளியின் கால்களுக்கு நடுவே இருக்கும்போது உங்கள் இரு கைகளும் உள்ளே இருக்கட்டும், அல்லது இரண்டும் வெளியே இருக்கட்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்றால் டிரையாங்கிள். உள்ளங்கையைத் தரையில் ஊன்றினால் கிமுரா. கையை நீட்டி நெஞ்சைத் தள்ளினால் ஆர்ம்பார். தலைப்பூட்டுப் போட்டு அமுக்குவதும் ஆபத்துதான். கீழிருப்பவர் கையை உருவிவிட்டால் நேராக உங்கள் முதுகில் இருப்பார்.

கார்டில் உட்கார்ந்து அடிப்பதைவிட ஹாஃப் கார்டுக்கு (உங்கள் ஒரு கால் மட்டும் அவர் கால்களுக்குள் இருக்கும் நிலை) போய், முன்கையால் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பி வைப்பது நல்லது. முகம் திரும்பிய பக்கத்துக்கு எதிராக இடுப்பைத் திருப்ப முடியாது. கபீப் நுர்மகொமெதோவ் 29 போட்டியிலும் தோற்காமல் ஓய்வு பெற்றதற்கு இதுபோன்ற அழுத்தமே அடிப்படை. எதிராளியைக் கூண்டோரம் சாய்த்து, அவர் இரு காலையும் தன் காலிடையே பூட்டி, ஒரு மணிக்கட்டை முதுகுப் பக்கமாக இழுத்துப் பிடித்து, மறுகையால் குத்துவார். இந்த ஒன்றை மட்டும் ஒரு மாதம் பழகலாம், தகும்.

புள்ளி கணக்கையும் மறக்க வேண்டும். டேக்டவுனுக்கு இரண்டு புள்ளி என்பது இங்கே கிடையாது. பத்துக்கு ஒன்பது என்று ரவுண்டை எழுதும் நடுவர்கள் முதலில் பார்ப்பது எதிராளிக்கு என்ன சேதம், எவ்வளவு நெருக்கடி என்பதை. கீழே போட்டுச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் ரவுண்டு கைமாறக்கூடும். விழுந்த ஐந்து விநாடிக்குள் முதல் அடி விழ வேண்டும்.

கூண்டுச் சுவர்

விரிப்பில் எல்லைக்கு வெளியே கால் வைத்தால் ஒரு புள்ளி, மறுபடி நடுவிலிருந்து ஆட்டம். இங்கே எல்லையே ஒரு கருவி. சுவரில் சாய்ந்தவர் பின்னால் விழமாட்டார், அதனால் வெறும் தள்ளு வேலை செய்யாது. தலையை அவர் தாடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, ஒரு அண்டர்ஹுக் (அவர் அக்குளுக்கு அடியில் கை நுழைத்த பிடி) பிடித்து நிமிர்த்துங்கள். பிறகு இறங்கி, இரு கையையும் அவர் தொடைக்குப் பின்னால் பூட்டி, இடுப்பைச் சுவரிலிருந்து உங்களை நோக்கி இழுத்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். வியர்வை ஊறிய இரண்டாவது ரவுண்டில் பின்கழுத்துப் பிடி வழுக்கும். அண்டர்ஹுக்கும் உள்ளங்கையோடு உள்ளங்கை பூட்டும் பிடியும்தான் அப்போது நிற்கும்.

கிளின்ச்சில் (நின்றபடி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்திருக்கும்போது) சும்மா சாய்ந்திருக்கவும் கூடாது. மூன்றுமுறை அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியனான போ நிக்கல் 2025 மே மாதம் ரெய்னியர் டி ரிடரிடம் வயிற்றில் விழுந்த முழங்காலால்தான் தோற்றார்.

மூச்சு

ஃப்ரீஸ்டைல் ஆட்டம் மூன்று நிமிடம் இரண்டு சுற்று. தொழில்முறை எம்.எம்.ஏ. ஐந்து நிமிடம் மூன்று ரவுண்டு, பட்டப் போட்டி என்றால் 25 நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஒவ்வொரு பிடியையும் முழு பலத்தோடு இறுக்கும் பழக்கம் முன்கையை முதல் ரவுண்டிலேயே கல்லாக்கிவிடும். 1997-ல் மல்யுத்த வீரர் மார்க் கோல்மன் மோரிஸ் ஸ்மித்திடம் யு.எஃப்.சி. பட்டத்தை இழந்தது இப்படித்தான். தொடக்கத்தில் ஸ்மித்தை நசுக்கியவர், 21 நிமிடப் போட்டியின் பிற்பாதியில் கையைத் தூக்கவே சிரமப்பட்டார். டேக்டவுன் முயற்சியில் இரண்டு தள்ளு பலிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு மூச்சு வாங்குவதையும் ஒரு நுட்பமாகவே பழக வேண்டும். வாரம் இருமுறை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிட ஓட்டம். போட்டிக்கு ஆறு வாரம் முன்பிலிருந்து வாரம் ஒருமுறை ஐந்து ஐந்து நிமிட ரவுண்டுகள், நிமிடத்துக்கு ஒரு புது ஜோடி.

முதல் வருஷம்

வாரம் மல்யுத்தம் 2 வகுப்பு போதும், இருப்பதைக் காப்பாற்ற. குத்து, உதை 4, கி என்ற அங்கி அணியாத ஜூஜிட்சு (தரையில் பூட்டும் நெரிப்பும் போடும் கலை) 4, பளு 2, ஞாயிறு முழு ஓய்வு. முதல் மூன்று மாதம் தலையில் அடி வாங்கும் ஸ்பாரிங் (ஜோடியுடன் சண்டைப் பயிற்சி) வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து 16 அவுன்ஸ் கையுறையோடு மெதுவான ஸ்பாரிங், ஏழாம் மாதத்திலிருந்து 7 அவுன்ஸில் எம்.எம்.ஏ. ஸ்பாரிங். கடும் ஸ்பாரிங் வாரம் ஒரு நாளுக்கு மேல் போகக்கூடாது. போட்டிக் கையுறை பெரும்பாலும் 4 அவுன்ஸ், பஞ்சு குறைவு. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்த மவுத்கார்டுக்குச் செலவழியுங்கள், மற்றதில் சிக்கனம் பார்க்கலாம்.

அடுத்து நான்கைந்து அமெச்சூர் போட்டி. சர்வதேச அமெச்சூர் கூட்டமைப்பான இம்மாஃபின் விதியில் மூன்று நிமிட ரவுண்டுகள், கணைக்கால் காப்பு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டுவது) உண்டு. முழங்கை அடியும் தலைக்கு முழங்காலும் கிடையாது. தொழில்முறைக்குப் போகும்போது இந்த இரண்டும் திடீரென்று வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒன் சாம்பியன்ஷிப் என்ற நிறுவனத்தில் தரையில் இருப்பவரின் தலையில் முழங்காலால் அடிக்கலாம். அங்கே பாய்ச்சல் தடுக்கப்பட்டு முட்டிபோட்டுக் கிடப்பது தற்கொலைக்குச் சமம்.

அவசரத்துக்கு என்ன விலை என்பதற்கு இந்திய மல்யுத்த வீராங்கனை ரிது போகட்டின் பாதையைப் பார்க்கலாம். 2017-ல் 23 வயதுக்குட்பட்டோர் உலக மல்யுத்தத்தில் வெள்ளி, 2019-ல் சிங்கப்பூரில் எம்.எம்.ஏ. பயிற்சி, அதே நவம்பரில் பெய்ஜிங்கில் முதல் வெற்றி. டேக்டவுனும் மேலிருந்து குத்துவதும் அவரை 2021 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப்பின் கிராண்ட் பிரி தொடரின் இறுதிவரை கொண்டுபோயின. அங்கே ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸிடம் ஆர்ம்பாரில் தோற்றார், அடுத்த வருஷம் டிஃபனி டியோவிடம் கழுத்து நெரிப்பில். மடக்குப் பூட்டுகளைப் படிக்க மட்டும் குறுக்குவழி கிடையாது.

எடை

உலக மல்யுத்தத்தில் ஆட்ட நாள் காலையில் எடை பார்ப்பார்கள். எம்.எம்.ஏ.வில் பெரும்பாலும் முந்தைய நாள். அதனால் இன்னும் இரண்டு கிலோ இறக்கலாமே என்று ஆசை வரும். கோர்மியே 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எடை இறக்கியதால் சிறுநீரகம் செயலிழந்து ஆடவே முடியாமல் போனவர். 2015-ல் எடை இறக்கும்போது சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்த பிறகு ஒன் சாம்பியன்ஷிப் நீரை வற்றவைத்து எடை இறக்கும் முறையையே தடை செய்தது.

பிரிவுகள் 56.7, 61.2, 65.8, 70.3, 77.1 கிலோ என்று போகும். பன்னிரண்டு வாரம் முன்பு பிரிவைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் மேல் பிரிவுக்குப் போங்கள். கடைசி ஒரு நாளில் நீராக இறக்குவது உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், நீராவி அறையில் தனியாக உட்கார வேண்டாம். எடை பார்த்ததும், இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் ஓ.ஆர்.எஸ். சிறிது சிறிதாக. நம் ஊர்ப் பழக்கப்படி டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளாதீர்கள்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியில், 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழி ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, தடைசெய்யப்பட்டது.

ஒப்பந்தம்

முதல் மூன்று தொழில்முறைப் போட்டிகளுக்கு டேக்டவுன் தடுப்புப் பலவீனமான குத்துக்காரர்களைக் கேளுங்கள். ஜூஜிட்சு கறுப்புப் பட்டைக்காரரை மறுக்கத் தயங்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்ட வேண்டிய வரிகள்: எத்தனை போட்டி, எத்தனை மாதம், காயம்பட்டால் காலம் நீளுமா, வேறு நிறுவனத்தின் அழைப்பைச் சமன் செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டா, இறங்குவதற்கு எவ்வளவு, ஜெயித்தால் எவ்வளவு, மேலாளர் சதவீதம் மொத்தத்திலா மீதியிலா. எதிராளி எடை தவறினால் அவர் தொகையில் உங்களுக்கு எத்தனை பங்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். போட்டியில் பட்ட காயத்துக்கு அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற வரி இல்லாத தாளில் கையெழுத்து வேண்டாம்.